ஜீப்புக்கு அளவெடுத்த டேப்

அம்மாவுக்கு எங்கள் தெருவில் இரண்டு பெயர். துணி தைக்கக் கொடுப்பவர்களுக்கு டெய்லரம்மா, ஜீப்பில் வரும் பிள்ளைகளுக்கு ஸ்டியரிங் அக்கா. கோபம் வந்தால் அப்பா மூன்றாவதாக ஒரு பெயர் சொல்வார். அதை இங்கே எழுதினால் எனக்கு இன்று சோறு கிடைக்காது.

அப்பா லாரி ஓட்டுகிறார். கிளம்பினால் ஒரு மாதம் கழித்துத்தான் வீட்டுக்கு வழி தெரியும். அவர் வாங்கிப்போட்ட பழைய ஜீப்பை அம்மாதான் ஓட்டுகிறாள். மேட்டுக் குடியிருப்பில் இருக்கும் எட்டுப் பிள்ளைகளைக் காலையில் கீழே பள்ளிக்கூடத்தில் இறக்குவாள், மாலையில் மேலே கொண்டுபோய் விடுவாள். நடுவில் இருக்கும் நேரமெல்லாம் தையல் மிஷின்.

இறங்கும்போது ஜீப் ராஜா. ஏறும்போதுதான் சங்கதி தெரியும். பாதி வழியில் ஒரு செங்குத்து ஏற்றம் வரும். அதற்குப் பிள்ளைகள் வைத்த பெயர் மூச்சுமுட்டி. எட்டுப் பேரோடு அதில் ஏற அந்தச் சின்ன இஞ்சினுக்குத் தெம்பு கிடையாது. அதனால் அடிவாரத்தில் எல்லோரும் இறங்கி நடப்பார்கள். ஜீப் காலியாக, இருமிக்கொண்டே ஏறிப்போய் மேலே காத்திருக்கும்.

அந்த எட்டில் ஒருத்திக்கு ஹெட்மாஸ்டர் என்று பட்டப்பெயர். ஒன்பது வயது. யாரைப் பார்த்தாலும் கேள்வி கேட்பாள். இடது காலில் முழங்காலிலிருந்து கணுக்கால் வரை இரும்புப் பட்டை போட்டிருப்பாள்.

"நீ உக்காருடா கண்ணு. ஒரு ஆளை இது தாங்கும்" என்பாள் அம்மா.

"தாங்கினா எட்டு பேரையும் தாங்கணும். இல்லன்னா நானும் நடப்பேன்."

நடக்கும்போது எடுத்துவைக்கும் அடிகளைச் சத்தமாக எண்ணிக்கொண்டே போவாள். மூச்சுமுட்டி அவள் கணக்கில் இருநூற்றுப் பன்னிரண்டு அடி.

விடுமுறைக்கு முந்தின நாள் மழை. நூற்று நாற்பதாவது அடியில் வழுக்கி விழுந்தாள். பட்டை குத்தி முழங்காலில் ரத்தம். அவளுடைய அம்மா அழவில்லை, சண்டைக்கும் வரவில்லை. ஈரத்துணியால் காலைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்: "மழைக்காலம் முடியட்டும் அக்கா. அதுவரைக்கும் கொஞ்ச நாள் வீட்லயே இருக்கட்டும்."

'கொஞ்ச நாள்' பற்றி எனக்கு நன்றாகத் தெரியும். ஒன்பதாம் வகுப்பில் எனக்குக் காய்ச்சல் வந்தபோது கொஞ்ச நாள் வீட்டில் இரு என்றார்கள். இரண்டு வருடமாக இருக்கிறேன். காய்ச்சல் எப்போதோ போய்விட்டது, நான்தான் திரும்பிப் போகவில்லை. பட்டன் தைக்கிறேன், அளவு எழுதுகிறேன், மிச்ச நேரத்தில் ஊரை வம்புக்கு இழுக்கிறேன்.

அன்று வீட்டுக்கு வந்ததும் அம்மா ஜீப்பின் பானட்டைத் திறந்துவைத்து, கிழிந்த துணியைப் பார்ப்பதுபோல் வெகுநேரம் பார்த்தாள்.

"பெரிய இஞ்சினா மாத்தணும்."

போனில் அப்பா கத்தியது தெருவுக்கே கேட்டது. "துணி தைக்கிறவ தையல் மிஷினோட நிறுத்திக்கோ!"

"அதுவும் மிஷின், இதுவும் மிஷின். இதுக்கு எண்ணெய் கொஞ்சம் கூட வேணும், அவ்வளவுதான். பள்ளிக்கூடம் தொறக்க இருபத்தோரு நாள் இருக்கு. நீங்க வண்டியப் பாத்து ஓட்டுங்க."

இந்த இடத்தில் ஒரு பாவத்தைச் சொல்லியாக வேண்டும். இதற்கு ஒரு மாதம் முன்னால் பக்கத்து வீட்டு அத்தை சட்டை தைக்க வந்தார். அவர் எங்களுக்குச் சொந்தமில்லை, பக்கத்து வீடு என்பதால் அத்தை. நான் அளவு எழுத நோட்டை எடுத்ததும், "படிக்காத பொண்ணு எழுதினா சட்டை சாக்கா வந்துடும்" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். அன்றிரவே ஒரு பழைய டேப்பின் நுனியில் இரண்டு இன்ச்சை வெட்டி எறிந்துவிட்டு, அதன் பித்தளை மூடியைத் திரும்ப மாட்டினேன். மறுநாள் அத்தை முழு அளவு கொடுக்க வந்தபோது அம்மா கையில் அந்த டேப் போகும்படி பார்த்துக்கொண்டேன். முப்பத்தாறு இன்ச் இடுப்பு முப்பத்தெட்டு என்று காட்டியது. அத்தையின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! வேலை முடிந்ததும் டேப்பை மேஜை டிராயரின் அடியில் போட்டேன். அத்தோடு மறந்தும் போனேன்.

அம்மா ஜீப்புக்கு அளவெடுத்த அன்று நான் பட்டன் வாங்கக் கடைக்குப் போயிருந்தேன். நல்ல டேப்பில் கிரீஸ் படக் கூடாதென்று டிராயரைத் துழாவி ஒரு பழைய டேப்பை எடுத்திருக்கிறாள். நான் திரும்பியபோது நோட்டில் சட்டை அளவுகளுக்குக் கீழே அவள் கையெழுத்து இருந்தது: *ஜீப். நீளம் 30. இடுப்பு 24.*

கியர்பாக்ஸ் முகத்திலிருந்து ரேடியேட்டர் வரைக்கும் முப்பது இன்ச் இடம் இருக்கிறது என்று அர்த்தம்.

வண்டிகளைப் பிரித்து விற்கும் கடைக்கு நோட்டோடு போனோம். கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.

"என்னக்கா, இஞ்சினுக்கு இடுப்பளவா?"

"உங்க பேன்ட்டுக்கு நான் எடுத்தப்ப சிரிச்சீங்களா? அளந்து சொல்லுங்க."

ஒரு பழைய வேனிலிருந்து கழற்றிய டீசல் இஞ்சின். அவர் இரும்பு டேப்பை நீட்டினார். பின்முகத்திலிருந்து ஃபேன் நுனி வரை இருபத்தொன்பது. அகலம் இருபதுதான்.

"தையலுக்கு ஒரு இன்ச் விட்டாச்சு. ஏத்துங்க" என்றாள் அம்மா.

வெல்டிங் வேலை பார்க்கும் மாமா, அம்மாவுக்கு அண்ணன், மூன்று குழாய்களை முக்காலிபோல் கட்டி வாசலில் நிறுத்தினார். அதில் சங்கிலிக் கப்பியை மாட்டி, பழைய இஞ்சினைப் பல் பிடுங்குவதுபோல் பிடுங்கி எடுத்தோம். புது இஞ்சின் உட்காரத் தாங்கிகளை வெட்டி ஒட்டவேண்டியிருந்தது. இஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் துளைகள் ஒத்துப்போகவில்லை. நடுவில் வைக்க ஒரு கனமான இரும்புத் தட்டு வேண்டும். அம்மா பிரவுன் பேப்பரில் கழுத்து வெட்டுவதுபோல் மாதிரி வெட்டிக் கொடுத்தாள், மாமா அதைப் பார்த்துத் தட்டில் துளை போட்டார். ஒரு துளைகூட விலகவில்லை. தட்டின் கனத்துக்கு ஏற்ப கியர்பாக்ஸைப் பின்னால் தள்ளி வைத்தார்கள். "பெரிய இஞ்சின் போட்டா பிரேக்கும் பெரிசாகணும் தங்கச்சி, ஓடத் தெரிஞ்சா போதாது" என்று மாமா அதையும் மாற்றினார்.

பதினாறாவது நாள் இஞ்சின் இறங்கி, போல்ட்டெல்லாம் முறுக்கியாயிற்று. கடைசியாக ரேடியேட்டரை வைத்தார்கள். அது இறங்கவில்லை. ஃபேன் இறக்கை குறுக்கே நின்றது.

மாமா தன் டேப்பை எடுத்து அளந்தார். இன்னொரு தடவை அளந்தார்.

"தங்கச்சி, நீ எழுதினது முப்பதா?"

"முப்பது."

"இருபத்தெட்டுதானே இருக்கு."

அம்மா கையைத் துடைத்துக்கொண்டாள். "அப்ப என் அளவுதான் தப்பு."

"இருபது வருஷத்துல ஒரு தடவை தப்பினா என்னவாம்? நான் வெல்டு வெச்ச கேட்டு விழுந்து..." மாமா ஏதோ ஜோக் சொல்லப் பார்த்தார். அவள் உள்ளே போய்விட்டாள்.

தைக்க வெட்டி வைத்திருந்த பள்ளிச் சீருடைகள் நாற்பது இருந்தன. எல்லாவற்றையும் பிரித்துப்போட்டு முதலிலிருந்து அளந்தாள். ஒவ்வொன்றையும் மூன்று முறை. எல்லாம் சரியாகத்தான் இருந்தது. அப்படியும் நம்பவில்லை. டேப்பை என்னிடம் நீட்டினாள்.

"நீ படிச்சுச் சொல்லு. எனக்குக் கண்ணு சரியில்ல போல."

"பதினாலரை."

"எனக்கும் அதான் தெரியுது" என்றாள், அதுவே ஒரு சந்தேகம் என்பதுபோல்.

அப்புறம் துணியை மடித்துக்கொண்டே சொன்னாள்: "நாளைக்கு அந்தப் பிள்ளையோட அம்மாவுக்குப் போன் போட்டுச் சொல்லிடறேன். ரெண்டு இன்ச் தப்பாத் தெரியிற கண்ண வெச்சுக்கிட்டு, பள்ளம் இருக்கிற ரோட்டுல எட்டுப் பிள்ளைங்கள ஏத்திட்டுப் போகக் கூடாது. வேற யாராவது ஓட்டட்டும். இல்லன்னா வேணாம்."

ரெண்டு இன்ச். டிராயரின் அடியில் போட்ட டேப் அப்போதுதான் ஞாபகம் வந்தது.

வாசலுக்குப் போய் டூல் பெட்டியைத் திறந்தேன். ஸ்பேனர்களுக்கு நடுவில் கிரீஸ் பூசிக்கொண்டு, பித்தளை மூடியோடு சுருண்டு கிடந்தது என் கைவேலை. பக்கத்தில் கழிவு எண்ணெய் வாளி. அதில் போட்டிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. உண்மையைச் சொல்கிறேன், வாளிக்கு மேலே வரைக்கும் கையைக் கொண்டுபோனேன்.

அதற்குமேல் கை போகவில்லை. உள்ளே போய், தையல் மேஜையில் நல்ல டேப்பை நீட்டி, அதன் பக்கத்தில் இதையும் நீட்டினேன். நுனியும் நுனியும் சேர்த்து. ஒன்றில் பத்து இருந்த இடத்தில் இன்னொன்றில் பன்னிரண்டு.

அம்மா பார்த்தாள். மூடியை நகத்தால் நெம்பினாள். உள்ளே கத்தரி வெட்டு.

"இது எப்போ?"

"பக்கத்து வீட்டு அத்தைக்கு அளவெடுத்தப்ப. உன் கண்ணுல ஒண்ணும் இல்லம்மா. என் கொழுப்புதான்."

அறை விழும் என்று கன்னத்தைத் தயாராக வைத்திருந்தேன். அம்மா நாற்காலியில் உட்கார்ந்தாள். இரண்டு கையாலும் கண்ணை மூடிக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்து நான் கிட்டே போனேன்.

"அடிப்பாவி" என்றாள், மூச்சு வாங்க. "அந்தம்மா ஒரு வாரம் வெள்ளரிக்காயத் தின்னுட்டு, சட்டைய வாங்கிப் போட்டுப் பாத்து, தொளதொளன்னு இருக்கவும் இளைச்சிட்டேன்னு தெரு முழுக்கச் சொல்லிட்டு வந்தாங்கடி! நானும் ஆமாங்கன்னு தலையாட்டினேன்!"

சிரிப்பு நின்றபின்தான் கண்ணைத் துடைத்தாள். என் காதைப் பிடித்து, வலிக்கும்வரை திருகி, விடாமல் வைத்துக்கொண்டே சொன்னாள்: "அவங்ககிட்டச் சொல்லித் தொலைக்காத. ஒரு ஆளாவது சந்தோஷமா இருக்கட்டும். போய் உங்க மாமாவக் கூப்பிடு."

மாமா வந்ததும் ரேடியேட்டரைக் காட்டினாள். "துணி பத்தலன்னா தூக்கிப் போட்டுடுவோமா? ஒட்டுப் போடுண்ணா. முன்பக்கத்த வெட்டி மூணு இன்ச் வெளிய தள்ளு."

"வண்டிக்கு மூக்கு நீண்டுடுமே."

"என் பொண்ணு வாலு நீளத்துக்கு இது பரவாயில்ல."

இந்த முறை அளந்தது அம்மா. நோட்டில் எழுதியது நான். *நீளம் 28. ஒட்டு 3.* முப்பதை அடிக்கப் போனேன். "இருக்கட்டும்" என்றாள்.

வண்டியைப் பரிசோதித்த அதிகாரி மூன்று தடவை சுற்றி வந்து, "இது ஏன் இப்படி மூக்க நீட்டிட்டு நிக்குது?" என்று கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போட்டார். பள்ளி திறப்பதற்கு முந்தின நாள், எட்டுப் பிள்ளைகள் எடைக்கு மணல் மூட்டைகளை ஏற்றிக்கொண்டு அம்மா மூச்சுமுட்டியில் ஏறினாள். பின்னால் மூட்டைகளைப் பிடித்துக்கொண்டு நான். ஹெட்மாஸ்டரின் அம்மா மேலே வந்து நின்றாள். மூட்டைகளை ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்த்தாள், உள்ளே பஞ்சு இருக்குமோ என்று.

"நாளைக்கு அனுப்பறேன் அக்கா" என்றாள்.

மறுநாள் மாலை நானும் கூடப் போனேன். மூச்சுமுட்டி அடிவாரம் வந்ததும் பழக்கதோஷத்தில் எல்லாப் பிள்ளைகளும் பையைத் தூக்கிக்கொண்டு எழுந்தார்கள். எல்லோருக்கும் முன்னால் இரும்புப் பட்டை போட்ட கால்.

"உக்காருங்க" என்றாள் அம்மா. கியரைக் குறைத்தாள். கண் ரோட்டை விட்டு நகரவில்லை. இஞ்சின் இருமவில்லை, ஒரு தடவை அடித்தொண்டையில் உறுமிவிட்டு ஏறத் தொடங்கியது. வண்டிக்குள் ஒரே ஒரு குரல் மட்டும் எண்ணிக்கொண்டிருந்தது. ஒண்ணு, ரெண்டு, மூணு.

மேலே சமதரைக்கு வந்தபோது முப்பத்தொன்று.

"அக்கா, முப்பத்தொண்ணுதான் ஆச்சு" என்றாள் ஹெட்மாஸ்டர், ஏமாந்துபோன குரலில். "மீதி?"

"மீதிய வீட்டுக்குள்ள நடந்துக்கோ" என்றாள் அம்மா.

ஹெட்மாஸ்டர் கொஞ்சம் யோசித்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"வண்டிதான் இப்ப தாங்குதே. நீ ஏன் பள்ளிக்கூடத்துக்கு வர மாட்டேங்கற?"

கண்ணில் தூசி விழுந்ததுபோல் நான் வெளியே பார்த்தேன். கண்ணாடியில் அம்மா என்னைப் பார்த்தது தெரிந்தது. சீருடைக்கு அளவெடுக்கும்போது பார்ப்பாளே, அந்தப் பார்வை.