கம்பளி போர்த்திய கடிகாரம்

துரை பங்களாவின் குசினியில் இருந்த கரண்டுக் கடிகாரம் ‘டிக் டிக்’ என்று அடித்ததே இல்லை. போத்தலுக்குள் மாட்டிய வண்டு மாதிரி முனகிக்கொண்டே இருக்கும், கிட்டப் போனால் எனக்குப் பல் கூசும். நோட்டன் பிரிட்ஜ் பக்கமிருந்து எங்கள் தேயிலைத் தோட்டத்துக்குக் கரண்டுக் கம்பி வந்த காலம் அது. புதுத் துரைசாணி அமெரிக்காக்காரி. அவர் ஊர்க் கரண்டுக்கு நம்முடையதில் பாதி பலம்தானாம். அதனால் செங்கல் கனத்தில் ஒரு கறுப்புப் பெட்டியையும் கொண்டுவந்து, அதன் வழியாகக் கடிகாரத்தை மாட்டியிருந்தார்.

அங்கே ‘கோக்கி’யாகச் சமைத்தவர் என் அப்பா. தேயிலை அரைக்கும் ஸ்டோரின் சங்குச் சத்தத்தை வைத்தே அடுப்பு மூட்டிப் பழகியவரை, இனிக் கடிகாரத்தைப் பார்த்துத்தான் சமைக்க வேண்டும் என்று துரைசாணி கட்டாயப்படுத்திவிட்டார். காலை ஆறுக்கு அவரே முள்ளைத் திருத்தி வைப்பார். ஆனால் ஒரு மணிக்குத் துரை சாப்பிட வரும்போது அதில் பன்னிரண்டுகூட ஆகியிருக்காது. கடிகாரத்தை நம்பினால் துரை ஏசுவார், சங்கை நம்பினால் துரைசாணி ஏசுவார்.

“முள்ளுல கை வச்சியா நீ?” என்று துரை கத்துவார்.

“சத்தியமா இல்லீங்க தொரை.”

இன்னொரு தடவை சுணங்கினால் மலைவேலைக்குத்தான் போக வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். அப்பாவுக்கு நெஞ்சுவலி, மலை ஏறினால் மூச்சு வாங்கும்.

அவர் யோசித்து யோசித்து, கடிகாரம் பிந்துவது குளிரால்தான் என்று முடிவு கட்டினார். எங்கள் குளிரில் பால் தயிராகாது. பானையைச் சாக்கால் சுற்றி அடுப்போரம் வைப்போம். “வெயில் ஊருல பொறந்தது, வெறைச்சுப் போச்சு. நம்ம கம்பளிய எடுத்தாம்மா” என்றார் என்னிடம்.

அம்மா சிரித்தாள். “கடியாரத்துக்குக் கம்பளியா? அப்படியே ரொட்டியும் தேத்தண்ணியும் குடுத்துருங்க!”

கம்பளியைப் போர்த்தி, முகம் மட்டும் தெரிய, அடுப்புக்கு ஒரு முழம் தள்ளி வைத்தார் அப்பா. அன்று பிற்பகலே கடிகாரத்தின் வெள்ளைக் கூடு ஒரு பக்கம் மெழுகாய் இளகி, கருகல் நாற்றத்துக்குத் துரைசாணி ஓடிவந்தார். “நாந்தாங்கம்மா வச்சேன்” என்று அப்பா கைகட்டி நின்றார். மறுநாள் மலையில், மண் கிளறும் முள்ளும் கவாத்துக் கத்தியும் அவர் கையில். ஒரு மாதம்கூடத் தாங்கவில்லை, படுத்துவிட்டார். நான் ஐந்தாம் வகுப்போடு நின்று, பேர் பதிந்து, கொழுந்துக் கூடை மாட்டினேன்.

திருத்திய கடிகாரத்தோடு புதுக் கோக்கியும் சுணங்கிய பிறகுதான் ஸ்டோர் வயர்மேன் வந்து பார்த்தாராம். பார்த்துவிட்டு எங்கள் லயத்து வீட்டுக்கு வந்தார். “அண்ணே, பெட்டி பலத்தத்தான் கொறைக்கும். துடிப்ப மாத்தாது. அவங்க கரண்டு செக்கனுக்கு அறுவது தடவ துடிக்கும், நம்மளது அம்பது. அத எண்ணித்தான் முள்ளு ஓடுது. மணிக்குப் பத்து நிமிசம் பிந்தத்தான் செய்யும்.”

“அப்ப அதுக்குக் குளிரலையா?” என்றார் அப்பா.

பங்களாவிலிருந்து யாரும் அவரைத் திரும்பக் கூப்பிடவில்லை.

பங்களா இப்போது சுற்றுலாக்காரர் தங்கும் விடுதி. குசினியை இடித்து வண்டி நிறுத்துகிறார்கள். அந்தப் பத்துத் துடிப்புக் கணக்கை என் பேத்தி எத்தனை முறை சொல்லியும் எனக்குப் பாதிதான் விளங்குகிறது. விளங்கியும் என்ன? அன்று அப்பா விறகு எடுக்கப் போயிருந்தபோது, சீக்கிரம் சூடு பிடிக்கட்டும் என்று கடிகாரத்தை அடுப்புக்குப் பக்கத்தில் தள்ளி வைத்தவள் நான். அதை அவரிடம் நான் சொல்லவே இல்லை.