படகு பேட்டரிகளும் ஒரு நெருப்புக்குச்சியும்

பதுளை டவுனில் பேட்டரி சார்ஜ் என்றால் அந்தக் காலத்தில் என் கடையைத்தான் கை காட்டுவார்கள். பெருமைக்குச் சொல்லவில்லை. சரி, பெருமைக்குத்தான் சொல்கிறேன், ஆனால் உண்மை. தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்து, மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு, கராஜில் எண்ணெய்த் துணி பிழிந்து, பசறை ரோட்டில் வீட்டோடு சேர்த்துச் சொந்தக் கடை போட்டவன் நான். தொண்ணூறுகளில் பாதி லயங்களுக்குக் கரண்ட் கிடையாது. டீவி பார்ப்பதென்றால் கார் பேட்டரிதான். ஸ்பிரிங்வெளித் தோட்டத்திலிருந்து பேட்டரியை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வருவார்கள். படம் பாதியில் நின்றுவிட்டால் மறுநாள் காலையில் திட்டு எனக்கு.

"அண்ணே, கதாநாயகி அழுவுற நேரத்துல போயிருச்சு. செத்தாளா பொழச்சாளா, இப்ப நீங்களே சொல்லுங்க!"

இப்படி இருந்த கடைக்குள் படகு பேட்டரிகள் வந்தது கருவாட்டு முதலாளியால். பொத்துவில் கரையில் அவருக்குப் படகுகள் இருந்தன, பதுளை பஜாரில் கருவாட்டுக் கடை இருந்தது. எல்லோரும் அவரை நானா என்போம். கார்த்திகை பிறந்தால் கிழக்குக் கடல் கொந்தளிக்கும், படகுகளைக் கரையேற்றிவிடுவார்கள். மாசி கழிந்த பிறகுதான் மறுபடி இறக்குவது.

"தம்பி, படகு கரையில கிடந்தாப் பொறுக்கும். பெட்டரி பொறுக்காது. எண்ட புள்ளயள் மாதிரி வெச்சிக்கங்க" என்று சொல்லி, கருவாட்டு லொறியிலேயே ஏற்றி அனுப்பினார்.

அவர் சொன்னது சரி. சும்மா வைத்த பேட்டரி தானாகவே இறங்கும். முழுக்க இறங்கிவிட்டால் உள்ளே வெள்ளை பூத்துவிடும், பிறகு எழும்பாது. நான் உப்புப் பிடித்த முனைகளை அப்பச்சோடா கரைத்த சுடுதண்ணியில் கழுவி, கிரீஸ் தடவி, பின்னறையில் பலகைமேல் வரிசையாக வைத்தேன். சில வாரத்துக்கு ஒரு தடவை எல்லாவற்றையும் சார்ஜில் போட்டு எடுக்க வேண்டும். அதை என்னைவிடச் சுத்தமாகச் செய்கிற ஆள் ஊவா மாகாணத்திலேயே கிடையாது.

ஆனால் அந்த வருடம் மழையோடு சேர்ந்து சோதனையும் வந்தது. சண்டைக் காலம். தமிழன் வீட்டில் ஒரு வயர் துண்டு கிடந்தாலே கேள்வி கேட்பார்கள். என் பின்னறையிலோ பலகை நிறையப் படகு பேட்டரி, சிவப்பும் கறுப்புமாக வயர்கள். பேட்டரி ஏற்றிவர லொறிக்கு அனுமதிக் கடிதம் இருந்தது. என் அறைக்கு யார் அனுமதி கொடுத்தது?

"இந்தாங்க, இதுகள நானாகிட்டயே திருப்பிக் குடுத்துருங்க" என்றாள் என் மனைவி. "உங்கள ஏத்திக்கிட்டுப் போயிட்டா நான் எந்த ஸ்டேஷன் வாசல்ல போயி நிக்கிறது?"

"என்னைய யாருடி ஏத்துவா? டவுனுக்கே என்னையத் தெரியும்."

"டவுனுக்குத் தெரியும். துவக்கு வச்சிருக்கவனுக்குத் தெரியுமா?"

பதிலுக்குச் சத்தம் போட்டேன். அவள் அடுப்படிக்குப் போனதும், பக்கவாட்டில் திரும்பும் ரோட்டைப் பார்த்த பின்னறை ஜன்னலைச் சாத்தி இடுக்கெல்லாம் சாக்கைத் திணித்தேன். பேட்டரிகள்மேலும் சாக்கைப் போட்டேன். ரோட்டில் ஜீப் சத்தம் கேட்டால் கையிலிருக்கும் குறடு நழுவும். சார்ஜ் ஏற்றவும் பயம். வாரக்கணக்கில் விட்டுவிட்டேன். கடைசியில் ஒருநாள் அசிட்டைக் குழாயில் உறிஞ்சிப் பார்த்தால் மிதவை அடியில் போய் உட்கார்ந்திருந்தது, சார்ஜ் அடியோடு இறங்கிவிட்டது. இனியும் விட்டால் அத்தனையும் செத்துவிடும். நானா முகத்தில் எப்படி முழிப்பது? மத்தியானம், நல்ல மழையில், கதவையும் சாத்திவிட்டு எல்லாவற்றையும் ஒன்றாகச் சார்ஜில் போட்டேன்.

சார்ஜ் ஏறுகிற பேட்டரி கொதிக்கும். அதிலிருந்து எழும்புகிற வாயு கண்ணுக்குத் தெரியாது, நெருப்புப் பட்டால் வெடிக்கும். சார்ஜ் போடுகிற அறையில் ஜன்னல் திறந்திருக்க வேண்டும் என்று ஊருக்கெல்லாம் படித்துப் படித்துச் சொன்னவன் நான். அன்றைக்கு என் பயமெல்லாம் ரோட்டைப் பற்றியே இருந்தது.

அந்தி மயங்கியதும் வந்துவிட்டார்கள். மழைக்கோட்டுப் போட்ட பொலிஸ் சார்ஜன் ஒருவர், பின்னால் துவக்கோடு ஓர் ஆமிக்காரப் பையன். அடைத்த ஜன்னலை ரோட்டிலிருந்தே பார்த்திருப்பார் சார்ஜன். நேராகப் போய்ப் பின்னறைக் கதவைத் தள்ளினார். சாக்குகளைப் பார்த்தார், வயர்களைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது.

கும்மிருட்டு. மழைச் சத்தம். அதற்குள்ளே, நெருப்புப் பெட்டி குலுங்குகிற சின்னச் சத்தம்.

அறை முழுக்க வாயு. இவர் உரசினால் நாங்கள் மூவரும் போவோம், அடுப்படியில் நிற்கிற அவளும் போவாள். செத்த பிறகும் விடமாட்டார்கள், குண்டு செய்தவன் வீடு என்றுதான் எழுதுவார்கள். கையைப் பிடித்தால் பையன் சுடுவான். பிடிக்காவிட்டால் வெடிக்கும். யோசித்துச் செய்தேன் என்று சொன்னால் பொய். இருட்டில் பாய்ந்து அந்தக் கையைப் பொத்திக்கொண்டேன்.

"எபா மாத்தயா! எபா!" வேண்டாம், வேண்டாம் என்று தெரிந்த சிங்களத்தில் கத்தினேன்.

துவக்கு முனை என் விலாவில் அழுந்தியது. "கைய விடு!" என்றார் சார்ஜன். "விடுறேங்க, வெளிய வாங்க, வெளிய!" என்று கையை விடாமலே அவரை இழுத்துக்கொண்டு மழைக்குள் வந்தேன். அங்கேதான் என்னைச் சுவரோடு நிறுத்தினார்கள்.

"யாருக்கு இது? காட்டுல இருக்கிறவங்களுக்கா?"

"படகுக்கு மாத்தயா. பஜார் நானாட படகு."

"பதுளையில கடல் எங்க இருக்கு?"

நியாயமான கேள்வி. வாயு, வெடிக்கும் என்றேன். பொய் சொல்ல வேண்டாம் என்றார். அப்போதுதான் கராஜில் நாங்கள் விளையாட்டாகச் செய்த ஒன்று ஞாபகம் வந்தது. கதவையும் ஜன்னலையும் திறந்து காற்றை விட்டுவிட்டு, மனைவியிடம் சவர்க்கார நுரை கேட்டேன். கரண்ட் போனாலும் பேட்டரியில் கொதி உடனே அடங்காது. அதன் மூடியைத் திறந்து வாயில் நுரையை வைத்தால் வாயு அதற்குள் போய் உப்பும். அதைத் தேங்காய்ச் சிரட்டையில் வழித்து, கூரை விளிம்புக்குக் கீழே மழைத் தண்ணி ஓடும் கான் ஓரத்தில் தூர வைத்து, நீள ஈர்க்கு நுனியில் நெருப்பை நீட்டினேன். அவசரத்தில் ஈர்க்கு நுரையில் குத்தி அணைந்துபோனது. ஒன்றும் நடக்கவில்லை.

"நட, ஜீப்புக்கு" என்றார் சார்ஜன்.

"மாத்தயா, இன்னொரு தரம். ஒரே தரம்." நான் யாரிடமும் கெஞ்சி வளர்ந்தவன் இல்லை. அன்றைக்குக் கும்பிட்டேன்.

இரண்டாவது சிரட்டை 'டப்' என்று வெடித்தது. பையன் பின்னால் துள்ளிக் கானுக்குள் காலை விட்டான். எதிர்ச் சலூன்காரன் கதவை இழுத்துச் சாத்தினான். "குண்டு!" என்று எவனோ ஓடினான். சார்ஜன் சிரிக்கவில்லை. சிரட்டையைப் பார்த்தார், பிறகு இருட்டாகக் கிடந்த என் பின்னறையைப் பார்த்தார். கையிலிருந்த நெருப்புப் பெட்டியைச் சட்டைப் பைக்குள் போட்டுப் பொத்தானையும் மாட்டினார்.

சார்ஜன் ஆள் அனுப்பியதும் நானா மழையில் நனைந்துகொண்டே வந்தார். எனக்குத் தெரியாது என்று அவர் ஒரு சொல் சொல்லியிருந்தால் நான் அன்றைக்கே முடிந்தேன். அவர் வாசலிலேயே நின்று, "எல்லாம் எண்ட பெட்டரி சேர். தம்பி பொறுப்பாப் பாக்கிறார்" என்றார். சார்ஜன் போகும்போது எனக்கு ஒரே ஒரு கட்டளை போட்டார்: "ஜன்னல் மூட வாணாம். ரோட்டுல போற எனக்கு உள்ள தெரியணும்."

அதற்குப் பிறகு எத்தனையோ மழைக்காலம் அந்த ஜன்னல் திறந்தே கிடந்தது. சாரல் அடித்து என் முதுகு நனைந்தாலும் நான் மூடவில்லை. நானாவின் படகுகள் ஒவ்வொரு பங்குனியிலும் என் பேட்டரியில்தான் கிளம்பின. ஒன்றுகூட என் கையில் சாகவில்லை.

பிறகு லயங்களுக்கும் கரண்ட் வந்தது. நான் மாடி வீடு கட்டினேன். பின்னறை இப்போது சாப்பாட்டு அறை. ஆனாலும் கரண்ட் போனால் என் கை இருட்டில் யாருடைய கையையாவது தேடிப் போகும். என் மனைவி நெருப்புப் பெட்டியை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய், விளக்கை அங்கே ஏற்றித்தான் உள்ளே கொண்டு வருவாள்.