கடைசி முப்பது பக்கம்

எனக்குப் பத்து வயதில் ஒரே ஒரு மாணவர் இருந்தார். அவருக்கு வயது முப்பத்து நான்கு. என் அப்பாவின் தம்பி.

சித்தப்பா மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குப் பெரிய கும்பிடாகப் போட்டவர்; எழுத்துக் கூட்டி வாசிப்பதும் மறந்துபோயிருந்தது. தெமோதரைக்கு மேலே எங்கள் தோட்டத்தில் தேயிலை கவ்வாத்து வெட்டுவதில் அவரை மிஞ்ச ஆளில்லை. கசிப்புச் சாராயம் குடிப்பதிலும் அப்படித்தான். அடி தாங்காமல் சின்னம்மா கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு லுணுகலையில் தாய்வீட்டுக்குப் போய் எட்டு மாதமாகியிருந்தது. அதிலிருந்து சித்தப்பா லயத்தில் எங்கள் ஒற்றை அறைக் காம்பிராவிலேயே ஒண்டிக்கொண்டார்.

பதுளை பஸ்ஸில் யாரோ விட்டுப்போன ஒரு நாவலை, அட்டைகூட இல்லை, அடுப்புப் பற்றவைக்க ஆகுமென்று ஒருநாள் கொண்டுவந்தார். நான் அதைப் பிடுங்கி உரக்க வாசிக்கத் தொடங்கினேன். கதாநாயகன் குடிகாரன், பெண்டாட்டியை அடிப்பவன். சித்தப்பா பீடியை அணைத்துவிட்டுப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

அன்றிலிருந்து தினமும் வேலை விட்டு வந்ததும் அவருக்கு ஓர் அத்தியாயம். வாய் நாறினால் வாசிக்கமாட்டேன் என்று சட்டம் போட்டேன். முதல் வாரம் இரண்டு நாள் கதை இல்லாமல் படுத்தார். அப்புறம் ஒருநாளும் வாடை வரவில்லை. அப்பா அடித்தும் அம்மா அழுதும் நிற்காத குடி, அடுத்து என்ன ஆகிறது என்று தெரிந்துகொள்ள நின்றுபோனது. என்னால்தான் என்று பள்ளிக்கூடம் முழுக்கப் பீற்றிக்கொண்டு திரிந்தேன்.

கதையில் அவனும் மெல்லத் திருந்திக்கொண்டுவந்தான். மனைவியைத் தேடி அவன் புறப்படுகிற கட்டம் வந்ததும், சித்தப்பா பண்டாரவளைக்குப் போய்க் குழந்தைக்கு ஒரு கம்பளிச் சட்டை வாங்கிவந்தார்.

"இன்னைக்கு முடிவ வாசிச்சிடு பாப்பா. அவன் என்னத்தச் சொல்லிக் கூப்புடுறான்னு கேட்டுக்கிட்டு, நாளைக்கு லுணுகலைக்குப் போறேன். எனக்கு எங்க பேசத் தெரியுது."

அன்று தோட்டத்துக் காமன் பண்டிகையில் காமனை எரித்து மூன்றாம் நாள். ரதி அழுது மன்றாட, காமன் உயிரோடு எழும்புகிற கூத்து. பொட்டலில் தப்பு முழங்கத் தொடங்கிவிட்டது. இங்கேயோ இன்னும் முப்பது பக்கம். எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. கடைசிப் பக்கத்தைப் புரட்டி, வாசிப்பதுபோல் கண்ணை ஓட்டி, "ஆத்துல குதிச்சிச் செத்துப்போயிட்டான். முடிஞ்சிருச்சி" என்றேன்.

அவர் நம்பினார். அச்சில் இருப்பது பொய்யாகுமா, அதுவும் வாசித்தது நான்.

"காமனையே மூணாம் நாளு எழுப்புறாங்களே பாப்பா. இவன எழுப்பலையா?"

"இல்ல சித்தப்பா."

"நல்லாப் பாத்துச் சொல்லு."

அவர் கண் கலங்கியிருந்தது. "கதைதானே, விடுங்க சித்தப்பா!" என்று ஒரே ஓட்டமாக ஓடிவிட்டேன்.

மறுநாள் அவர் லுணுகலைக்குப் போகவில்லை. அந்த வாரமே பழைய வாடை வந்தது. நான் மூக்கைப் பொத்திக்கொண்டு சட்டத்தை நினைவுபடுத்தினேன். வேறு கதை வாசிக்கிறேன் என்று ஆசைகாட்டினேன். "போதும் பாப்பா" என்றார். நாலு வருடத்தில் ஈரல் கெட்டுச் செத்துப்போனார். சாவுக்குத்தான் சின்னம்மா வந்தார்.

எல்லோரும் கலைந்துபோன பிறகு அந்த முப்பது பக்கத்தையும் வாசித்தேன். அவன் சாகவில்லை. மாமியார் வீட்டு வாசலில் போய் நிற்கிறான். முப்பது பக்கத்திலும் அவன் மனைவியிடம் பேசுவது ஒரே ஒரு வார்த்தை: "வந்துட்டேன்." அவள் கதவைத் திறந்துவிடுகிறாள். அந்த ஒரு வார்த்தை சித்தப்பாவுக்கும் பேசத் தெரிந்திருக்கும்.

இன்று நான் ஆசிரியை. குடித்தது அவர், அதற்கு ஒரு சின்னப் பிள்ளை என்ன செய்யும் என்று எனக்கே எத்தனையோ தரம் சொல்லிப் பார்த்துவிட்டேன். மனம் கேட்பதாயில்லை.

அன்று பொட்டலுக்கு ஓடும்போது, எங்கேயோ ஒரு கதையில் எவனோ செத்ததற்கு இந்த மனுஷன் ஏன் இப்படி அழுகிறார் என்று எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. நல்லாப் பார்த்துச் சொல் என்று அவர் கேட்டது தன்னைப் பற்றித்தான் என்று அப்போது எனக்கு விளங்கவில்லை.