மூன்றாவது கொலைக்கு வரும் பாட்டு

எனக்கு இரத்தம் ஆகாது. கோழி வெட்டுகிற இடத்துப் பக்கமே தலை வைக்க மாட்டேன். அப்படிப்பட்ட நான்தான் என் ஒரே மகளின் கல்யாண வரவேற்பில் ஒரு கொலைகாரனின் பாட்டைப் போட்டேன். அதுவும் யாரும் சொல்லி அல்ல, நானாகத் தேடி, நானாக அடம்பிடித்து.

வினை பஸ்ஸில் தொடங்கியது. தினமும் காலையில் குண்டசாலையிலிருந்து கண்டிக்குப் படிப்பிக்கப் போகிற டீச்சர் நான். நான் ஏறும் தனியார் பஸ்ஸின் சாரதி சிங்களவர்; தமிழில் ஒரு சொல் தெரியாது. ஆனால் சென்னையில் எடுத்த ஒரு கொலைப் படத்தின் அல்பம் எப்படியோ அவர் கைக்கு வந்துவிட்டது. தாளம் பிடித்துப்போய் மாதக்கணக்காக அதையே ஓட்டினார். எழுபதுகளின் பழைய பொப் பாட்டுகளைப் பொறுக்கியெடுத்து அந்தப் படத்தில் சேர்த்திருந்தார்கள். கிட்டார், பொங்கோ, கொஞ்சம் மூக்கால் பாடுகிற ஆண் குரல். நாவலப்பிட்டியில் நான் பாவாடை சட்டையோடு திரிந்த காலத்தில் ரேடியோவில் கேட்ட அதே ரகம்.

அதில் ஒரு பாட்டு என்னை ஒரேயடியாகக் கவிழ்த்துவிட்டது. வாசலில் காத்திருக்கும் காதலியிடம், பயப்படாதே, வந்துகொண்டே இருக்கிறேன் என்று ஒருவன் பாடுகிறான். அந்தப் பாட்டுக்காகவே இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய் நடந்து திரும்பியிருக்கிறேன். கண்டக்டரிடம் சொல்லி முழு அல்பத்தையும் ஒரு பென் டிரைவில் ஏற்றி வாங்கினேன். படத்தை மட்டும் பார்க்கவில்லை. பாட்டு நன்றாக இருந்தால் படம் எதற்கு?

மகள் விரும்பியது யாழ்ப்பாணத்துக் குடும்பத்துப் பிள்ளையை. கண்டியிலேயே பிறந்து வளர்ந்தவர், தங்கமானவர். என் பயமெல்லாம் அவருடைய அம்மாவைப் பற்றித்தான். கணவரை இழந்தவர், அரசாங்க உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர். கல்யாணத்துக்குப் பிறகு என் மகள் அந்த வீட்டில், அவரோடுதான் இருக்கப் போகிறாள். கல்யாணம் பேச வந்த அன்று அந்த அம்மா ஒரு தரமாவது சிரிக்க வேண்டுமே! நான் எதைச் சொன்னாலும் ‘ஓம்’, இல்லாவிட்டால் ‘பாப்பம்’. நான் என் கையால் ஊற்றிக் கொடுத்த தேத்தண்ணீரில் பாதியை அப்படியே வைத்துவிட்டுப் போனார். தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்தவரின் மகள் நான். என் தேத்தண்ணீரை ஒருவர் மிச்சம் வைத்தால் எனக்கு எப்படி இருக்கும்? தேயிலைத் தோட்டத்து ஆட்கள் என்று நம்மை இளக்காரமாக நினைக்கிறார் என்று முடிவு கட்டினேன். அவர்கள் வாசல் படலையைத் தாண்டியதும் கணவரிடம் பொரிந்து தள்ளினேன். சிரிக்கத் தெரியாத மனுஷியிடம் பிள்ளையை எப்படி விடுவது என்று அழுதும் விட்டேன். அவர் வழக்கம்போலப் பேப்பரைத் திருப்பினார்.

வரவேற்புக்கு மண்டபம், சாப்பாடு, அலங்காரம் எல்லாவற்றையும் பிள்ளைகளே பார்த்துக்கொண்டார்கள். மாப்பிள்ளையும் பெண்ணும் மண்டபத்துக்குள் நடந்து வரும்போது போடுகிற பாட்டு மட்டும் அம்மாவின் விருப்பம் என்றாள் மகள். நான் யாரிடமும் மூச்சு விடவில்லை. அன்று மத்தியானம் பாட்டுப் போடுகிறவரிடம் பென் டிரைவைக் கொடுத்து, எந்தப் பாட்டு என்று சொன்னேன். அவர் திருதிருவென்று விழித்தார். டீச்சர், இந்தப் பாட்டு வந்து, என்று ஏதோ ஆரம்பித்தார்.

“சொன்னதப் போடுங்க தம்பி. எனக்கு வியாக்கியானம் வேணாம்” என்றேன்.

கதவு திறந்தது. கிட்டார் ஒலித்தது. என் மகள் சிவப்புச் சேலையில் உள்ளே கால் வைத்தாள். எனக்குக் கண் கலங்கிய அதே நேரத்தில், இளசுகள் உட்கார்ந்திருந்த மேசைகளிலிருந்து ‘ஓ’வென்று ஒரு சத்தம். ஒருவன் மேசையைத் தட்டிச் சிரிக்கிறான். இன்னொருத்தி விரலால் கழுத்தை அறுத்துக் காட்டுகிறாள். மாப்பிள்ளை நின்றுவிட்டார். மகள் வாயைப் பொத்திக்கொண்டு என்னைத் தேடினாள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

பக்கத்திலிருந்த கணவர்தான் காதோடு சொன்னார். படத்தில் மூன்றாவது கொலையை முடித்துவிட்டு, கையைக் கழுவிக்கொண்டே கொலைகாரன் முணுமுணுக்கிற பாட்டாம் இது. படத்தை அவர் போனில் பார்த்திருக்கிறார். முதலிலேயே சொல்லித் தொலைத்திருக்கலாமே என்று பல்லைக் கடித்தேன். எந்தப் பாட்டு என்று நீ என்னிடம் சொன்னால்தானே என்றார்.

நிமிர்ந்தால், முன்வரிசையிலிருந்து சம்பந்தியம்மா எழும்பி நேரே என்னிடம் வருகிறார். முகத்தைச் சேலைத் தலைப்பால் மூடியிருந்தார். தோள் குலுங்கியது. அழுகிறார், என் பிள்ளையின் வாழ்க்கையைத் தொடங்குமுன் நானே கெடுத்துவிட்டேன் என்றே நினைத்தேன். பக்கத்துக் கதிரையில் உட்கார்ந்து தலைப்பை எடுத்தார். சிரித்துச் சிரித்துக் கண்ணெல்லாம் தண்ணீர்.

“உந்தப் படத்தை நான் நாலு தரம் பாத்தனான்” என்றார். “மகனுக்குச் சொல்லிப்போடாதேங்கோ.”

கணவர் போன பிறகு பகலில் தனியே இருந்து கொலைப் படமாகப் பார்த்துத் தள்ளுகிறாராம். பார்த்ததைப் பேச ஓர் ஆள் இல்லையாம். எனக்குப் பொறுக்கவில்லை.

“அப்ப எங்க வீட்டுக்கு வந்த அன்னைக்கு ஏங்க ஒரு வார்த்தகூடப் பேசல?”

“எப்பிடிக் கதைக்கிறது?” என்றார். “நீங்கள் மூச்சு விடாமல் கதைச்சுக்கொண்டெல்லே இருந்தனீங்கள்.”

சுருக்கென்றது. யோசித்துப் பார்த்தால் அன்று முழுக்கப் பேசியது நான்தான். மகளின் பரீட்சைப் பெறுபேறு, என் பள்ளிக்கூடம், எங்கள் வீட்டின் பெருமை என்று வகுப்பு எடுத்திருக்கிறேன். அந்தத் தேத்தண்ணீரையும் கேட்டுவிட்டேன். அவருக்குச் சீனி வருத்தமாம், நீரிழிவு. நான் போட்டிருந்ததோ நாலு கரண்டி. வேண்டாம் என்றால் எனக்கு மனம் நோகும் என்று, கூடாத சாமானில் பாதியைக் குடித்திருக்கிறார். நான் அவமானம் என்று அழுதது அந்தப் பாதிக்காக. வெட்கத்தில் எனக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

பாட்டை நிறுத்தவா என்று பாட்டுக்காரர் தூரத்திலிருந்து கையால் கேட்டார். சம்பந்தியம்மா வேண்டாம் என்று கையசைத்தார். பிள்ளைகள் இருவரும் அந்தப் பாட்டுக்கே சிரித்துக்கொண்டு நடந்து வந்தார்கள்.

இப்போது சனிக்கிழமைகளில் பின்னேரம் நான் அங்கே போகிறேன். மகளைப் பார்க்க என்றுதான் பெயர். சீனியில்லாத தேத்தண்ணீரை நானே ஊற்றி, இருவரும் டீவிக்கு முன்னால் உட்காருவோம். அவர் கதை சொல்கிறார், நான் வாயை மூடிக்கொண்டு கேட்கிறேன். என் கணவர் இதை நம்ப மறுக்கிறார். அந்தப் படத்தையும் ஒருநாள் சம்பந்தியம்மா போட்டார். என் பாட்டு தொடங்கப் போகிறது என்று தெரிந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“கண்ணை மூடுங்கோ” என்றார். “பாட்டு முடிய நான் சொல்லுறன்.”

நான் மூடிக்கொண்டேன். பாட்டு முழுவதும் அவர் கையை விடவில்லை.