அந்த மாதத்துக் களிக்காரன்

இருபத்துமூன்று வயதில் என் இடது முழங்கால் போயிற்று. நெய்யாற்றின்கரை மைதானத்தில் பந்தோடு திரும்பும்போது உள்ளே ஏதோ அறுந்த மாதிரி இருந்தது. அதற்குப் பிறகு நடக்கலாம், மெதுவாகச் சைக்கிள் மிதிக்கலாம், ஓட மட்டும் முடியாது. பாறசாலையில் வாத்தியார் வேலை இருந்ததால் பிழைப்புக்குக் குறைவில்லை. பள்ளிக்கூடம் விட்ட பிறகு என்ன செய்வது என்பதுதான் தெரியவில்லை. எங்கள் கால்பந்துச் சங்கத்துக்காரர்களுக்கு அது புரிந்திருக்க வேண்டும். ஒருநாள் ஒரு புது நோட்டைக் கையில் தந்து, "இனி நீரு களியப் பாத்து எழுதும், சாரே. உமக்குத்தான் கண்ணு உண்டு" என்றார்கள். களி என்றால் எங்கள் பக்கத்தில் விளையாட்டு.

சங்கத்துக்கு ஒரு பெரிய டீம். அதற்குக் கீழே மூன்று சின்ன டீம்கள், குளத்தூரிலும் பனச்சமூட்டிலும் ஆரியங்கோட்டிலும். சனி ஞாயிறுகளில் இவை தங்களுக்குள்ளும் வெளியூர்க்காரர்களோடும் ஆடும். பெரிய டீமுக்கு ஆள் குறைந்தால் இங்கிருந்துதான் எடுப்பார்கள். மாதக் கடைசியில் மூன்று பேர் கூடி, சின்ன டீம்களில் அந்த மாதம் யார் நன்றாக ஆடினான் என்று ஒருவனைத் தேர்ந்தெடுப்போம். வாசகசாலைச் சுவரில் தொங்கிய கரும்பலகையில் அவன் பெயர் ஏறும். அவன்தான் மாதக் களிக்காரன். அடுத்த மாதம் முழுவதும் அவன் பெரிய டீமோடு போகலாம். என் பெயர் அந்தப் பலகையில் முதன்முதலில் ஏறிய அன்று, தெரிந்தவர் தெரியாதவர் எல்லோரையும் வழிமறித்துப் பேசிக்கொண்டு, வீட்டுக்குப் போகவே மனமில்லாமல் சந்தியில் சுற்றியது இன்றும் நினைவிருக்கிறது.

தேர்வுக்கு உட்கார்ந்த மூன்று பேரில் ஒருவன் நான். இன்னொருவர் பனச்சமூட்டுப் பாதையில் பஸ் ஓட்டிய டிரைவர். என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். மூன்றாமவர் ஒரு டாக்டரிடம் மருந்து கலக்கும் கம்பவுண்டர். மலையாளி. அவருடைய கையெழுத்து அச்சுப்போல இருக்கும். பலகையின் இடது பக்கம் தமிழிலும் வலது பக்கம் மலையாளத்திலும் பெயரை எழுதுவது அவர்தான். எங்களில் இரண்டு பேர் தமிழர், ஒருவர் மலையாளி என்பதை அதுவரை யாரும் எண்ணிப் பார்த்ததில்லை.

எண்ணிப் பார்க்கும் காலம் வந்தது. மலையாள மாநிலத்திலிருந்த தமிழ் பேசும் தெற்குத் தாலுகாக்களைச் சென்னை மாநிலத்தோடு சேர்க்கவேண்டும் என்ற போராட்டம் சூடுபிடித்திருந்தது. எங்கள் நெய்யாற்றின்கரை தாலுகாவையும் சேர்த்துத்தான் கேட்டார்கள். எங்கள் வீட்டில் பேச்சு தமிழ்தான். எனக்கும் அந்த ஆசை இருந்தது. வேலை போய்விடுமோ என்று கொடி பிடிக்காமல் இருந்தேன், அவ்வளவுதான். ஒருநாள் கடையடைப்பு, ஒருநாள் மறியல், ஒருநாள் பஸ் ஓடாது. பேச ஆரம்பிக்கும் முன்னால் எதிரே நிற்கிறவன் எந்தப் பாஷைக்காரன் என்று பார்க்கும் பழக்கம் எங்களுக்கு வந்தது.

அந்த மாதத்தின் முதல் ஆட்டம் பனச்சமூட்டுக்கும் ஆரியங்கோட்டுக்கும் நடந்தது. பனச்சமூட்டின் சென்டர் ஃபார்வர்ட் சந்தையில் வாழைக்குலை இறக்குகிறவன். உயரமான தமிழன், ஓடத் தொடங்கினால் பிடிப்பது கடினம். ஆட்டம் முடிந்த மூன்றாம் நாள் அவன் மறியலுக்குப் போனான். போலீஸ் அடித்து, கையைப் பின்னால் முறுக்கி வண்டியில் ஏற்றிக்கொண்டு போனது. அதற்குப் பிறகு அந்த மாதம் அவன் களத்தில் இல்லை.

ஆரியங்கோட்டில் நடுக்களத்தின் இடப்பக்கம் தடுத்து ஆடும் இடது ஹாஃப், ரப்பர் பால் வெட்டும் மலையாளிப் பையன். இருபது வயதிருக்கும், குள்ளம். விடியும் முன் மரப்பட்டையை வெட்டப் போய், பாலெடுத்து முடித்து, கையில் பால்வாடையோடு நேராக மைதானத்துக்கு வருவான். அந்த மாதம் நான்கு ஆட்டம் ஆடினான். நான்கையும் நான் பார்த்தேன், எழுதினேன்.

மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கம்பவுண்டர் வேலை பார்த்த மருந்துக்கடைப் பின்னறையில் மூவரும் கூடினோம். அதற்கு முன்பே சந்தியில் ஏழெட்டு இளைஞர்கள் என்னை மறித்திருந்தார்கள். "சாரே, இந்த மாசம் ஜெயில்ல கெடக்கியவனுக்க பேருதான் வரணும். கேட்டேரா?" என்றான் ஒருவன். ஆரியங்கோட்டுப் பையனின் அண்ணன் போலீஸ்காரன் என்றும், தடியடியில் அவனும் இருந்தான் என்றும் இன்னொருவன் சொன்னான். அண்ணன் கோட்டயத்தில் வேலை பார்க்கிறவன், அந்தப் பக்கமே வரவில்லை என்பது எனக்குத் தெரியும். நான் சொல்லவில்லை.

பின்னறையில் டிரைவர்தான் முதலில் பேசினார். "மக்கா, அவன அடிச்சத நான் வண்டியில இருந்து கண்ணால பாத்தேன். எறங்கிப் போய்த் தடுக்க முடிஞ்சுதா? இல்ல. அவனுக்கு நம்மளால வேற என்ன செய்ய முடியும்? ஒரு பேரு எழுதலாம். அவனுக்க அம்ம வந்து பாத்தா ஒரு ஆறுதல் ஆக்கும்."

அவர் சொன்னதில் பொய் இல்லை.

கம்பவுண்டர் என் நோட்டை எடுத்தார். அவருக்குத் தமிழ் நன்றாக வாசிக்க வரும். என் எழுத்தை எனக்கே வாசித்துக் காட்டினார்.

"முதல் களி. ஆரியங்கோடு இடது ஹாஃப், பனச்சமூட்டு சென்டர் ஃபார்வர்டை முதல் பாதியில் ஒரு தடவைகூடத் திரும்ப விடவில்லை. ஃபவுல் இல்லை." ஒரு பக்கம் தள்ளினார். "குளத்தூர், மணல் தரை. கோல்கீப்பருக்குக் கை உளுக்கியதால் இடது ஹாஃப் கோலில் நின்றான். பெனால்ட்டியைப் பிடித்தான்." இன்னொரு பக்கம். "நாலாம் களி. இரண்டு கோலுக்கும் பந்து கொடுத்தது இவன்."

நோட்டை மூடி என் முன்னால் வைத்தார். "சாரே, இது சார் எழுதியதல்லே? ஜெயிலில் கிடக்குந்நவனோடு எனிக்கும் சங்கடம் உண்டு. பக்ஷே களிச்சது யார்?"

ஆனால் ஆடியது யார் என்றுதான் அவர் கேட்டார். சந்தியில் நின்றவர்களின் முகங்கள் கண்முன் வந்தன. டிரைவரின் ஈரமான கண்கள் எதிரே இருந்தன. இரக்கத்தால் செய்கிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பாதி உண்மை அது. மற்றப் பாதி பயம்.

"ஃபார்வர்ட்" என்றேன்.

கம்பவுண்டர் சண்டை போடவில்லை. சட்டைப் பையில் எப்போதும் வைத்திருக்கும் சாக்குக்கட்டியை எடுத்து மேசைமேல் வைத்தார். "இத ஞான் எழுதூல்ல" என்று சொல்லிவிட்டு மருந்துப் பக்கம் போனார். பலகையில் எழுதும் வேலை என் தலையில் விழுந்தது. எனக்கு மலையாளம் எழுத வரும், ஆனால் கோணல்மாணலாக வரும். அதைச் சாக்காக வைத்து வலது பக்கத்தை வெறுமையாக விட்டேன். தமிழில் மட்டும் எழுதினேன். சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள்.

மறுநாள் மழை. மழை பெய்தால் ரப்பர் வெட்டு கிடையாது. அன்று கடையடைப்பு வேறு, பள்ளிக்கூடமும் இல்லை. வாசகசாலைக்குள் உட்கார்ந்து பழைய பத்திரிகைகளைப் புரட்டிக்கொண்டிருந்தேன். பதினொரு மணி இருக்கும். தலையில் வாழையிலையைப் பிடித்துக்கொண்டு ஆரியங்கோட்டுப் பையன் வந்தான். பஸ் இல்லாததால் அவ்வளவு தூரமும் நடந்தே வந்திருந்தான். முழங்கால் வரை சேறு. பலகையின் முன்னால் நின்றான். நின்றுகொண்டே இருந்தான். பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தான்.

"சாரே, எனிக்கு தமிழ் வாயிக்கான் அறியில்ல. இதில் யாருடெ பேரா?"

ஆள் இல்லாத அந்த வாசகசாலையில் எனக்குத் தப்பிக்க வழி இல்லை. பலகையில் இருந்ததை வாசித்தேன். அவன் முகத்தில் இருந்த சிரிப்பு போகவில்லை, கொஞ்சம் சுருங்கியது. ஈர முடியைக் கையால் தள்ளிவிட்டான்.

"அவன் நல்ல களிக்காரனாணு" என்றான். பிறகு, "அவனை விட்டோ, சாரே? அடி ஒருபாடு கொண்டோ?" என்று கேட்டான்.

இன்னும் விடவில்லை என்றேன். அவன் தலையாட்டினான். வந்த வழியே மழையில் நடந்தான்.

அந்த அடுத்த மாதம்தான் பெரிய டீம் திருவனந்தபுரத்துக்கு ஒரு போட்டிக்குப் போனது. எங்கள் இடது ஹாஃபுக்குக் காய்ச்சல். அந்த இடத்துக்குச் சரியான ஆள் இல்லாமல் முதல் ஆட்டத்திலேயே தோற்றுத் திரும்பினார்கள். பார்க்க நல்ல கூட்டம் என்றார்கள். ஆட்டக்காரர்களுக்கு வேலை கொடுத்து டீம் நடத்துகிறவர்கள் இரண்டு பேர் ஆள் தேடி வந்திருந்தார்களாம். அதைக் கேட்ட அன்று, நோட்டில் ஆரியங்கோட்டுப் பையனைப் பற்றி எழுதிய பக்கங்களை மறுபடி எடுத்து வாசித்தேன்.

மூன்று வாரம் கழித்து ஃபார்வர்டை விட்டார்கள். வலது மணிக்கட்டில் கட்டோடு அவன் நேராகப் பள்ளிக்கூடத்துக்கு வந்தான். வகுப்பு நடந்துகொண்டிருந்தது. வெளியே அழைத்தான்.

"சாரே, எனக்க பேர அங்க எழுதினது நீருதானே?"

"ஆமா."

"எதுக்கு?"

நீ பட்ட பாட்டுக்கு, என்று ஏதோ சொல்ல ஆரம்பித்தேன். அவன் முடிக்க விடவில்லை.

"ஒரே ஒரு களி களிச்சேன். அதுல கோலு போட்டேனா? அண்ணைக்கு என்ன அனங்க விடாமப் பிடிச்சு நிறுத்தினது ஆரு? அந்த ஆரியங்கோட்டுக்காரனாக்கும். உமக்குத் தெரியாதா? நீரு அங்கதானே நின்னேரு?" அவன் குரல் உயர்ந்தது. வகுப்புப் பிள்ளைகள் எட்டிப் பார்த்தார்கள். "நான் அடி வாங்கினது நம்ம பாஷைக்கு. இன்னும் வாங்குவேன். அதுக்கு எனக்கு ஒருத்தனும் மாசக் களிக்காரன் பட்டம் தரண்டாம். எனக்க மானம் போச்சு, சாரே. அவன் என்ன நினைப்பான்?"

அந்தப் பையன் என்ன கேட்டான் என்று அப்போதுதான் சொன்னேன். மழையில் நடந்து வந்து, எழுத்துத் தெரியாமல் என்னை வாசிக்கச் சொல்லி, கடைசியில் இவனுக்கு அடி அதிகமா என்று விசாரித்துவிட்டுப் போனதை. "அவனப் பாக்க எப்போ போவோம்?" என்றான் ஃபார்வர்ட்.

முதலில் கம்பவுண்டரிடம் போனேன். ஒரு குழந்தைக்கு மருந்து ஊற்றிக்கொண்டிருந்தார். நான் செய்தது தப்பு என்று சொன்னேன். அவர் புட்டியை மூடி, கையைத் துடைத்து, "அது பலகயில் எழுதணும்" என்றார். எழுதினோம். போன மாதத் தேர்வு தவறு, உரியவன் இன்னான் என்று இரண்டு பாஷையிலும், அச்சுப்போன்ற அவருடைய கையெழுத்தில். சந்தி இளைஞர்களில் ஒருவன் துணியோடு அழிக்க வந்தான். ஃபார்வர்ட் பலகையின் முன்னால் போய் நின்றான். கட்டுப்போட்ட கையோடு அவன் நிற்பதைப் பார்த்து, வந்தவன் துணியைச் சுருட்டிக்கொண்டு திரும்பினான். டிரைவர் தூரத்தில் நின்று பார்த்துவிட்டு, ஒரு வாரம் என்னோடு பேசாமல் இருந்தார். எட்டாம் நாள் அவரே வண்டியை நிறுத்தி, "ஏறு மக்கா" என்றார். ஃபார்வர்டையும் என்னையும் ஆரியங்கோட்டுக்குப் போகும் பாதை வரை கொண்டுவிட்டவர் அவர்தான்.

பையன் வீட்டு முற்றத்தில் ரப்பர்ப்பால் உறைந்த தேங்காய்ச் சிரட்டைகளைச் சுரண்டிக்கொண்டிருந்தான். எங்களைக் கண்டதும் எழுந்து, முதலில் ஃபார்வர்டின் மணிக்கட்டைத்தான் பிடித்துப் பார்த்தான். நான் வழியெல்லாம் யோசித்து வைத்திருந்த மலையாள வாக்கியங்கள் ஒன்றும் வரவில்லை. "எனிக்கு தெற்றிப்போயி" என்று மட்டும் சொன்னேன். தப்பு நடந்துவிட்டது என்று அர்த்தம். அவன் உள்ளே போய், பாலில்லாத கட்டஞ்சாயா வைக்கச் சொன்னான். குடித்து முடித்த பிறகுதான், "அப்போ ஞாயிறாழ்ச்ச ஞான் வரணோ?" என்று கேட்டான்.

வந்தான். பெரிய டீமின் இடது ஹாஃபாக நெய்யாற்றின்கரையில் ஆடினான். ஃபார்வர்ட் கைக்கட்டோடு என் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தான். எதிரணிக்காரன் ஒருவன் திரும்ப முடியாமல் திணறியபோது என் தொடையில் ஓங்கி அடித்து, "பாத்தேரா சாரே, நான் பட்ட பாடு!" என்று சிரித்தான். கை சரியான பிறகு இரண்டு பேரும் ஒன்றாக ஆடினார்கள். ஃபார்வர்ட் இன்னொரு தடவையும் மறியலுக்குப் போய் ஜெயிலில் இருந்துவிட்டு வந்தான். அப்போது அவனுக்குச் சாயாப்பொடியும் வெல்லமும் கொண்டுபோனவர்களில் அந்தப் பையனும் உண்டு. ஆனால் திருவனந்தபுரத்துப் போட்டிக்கு எங்கள் டீமை மறுபடி யாரும் அழைக்கவில்லை. ஆள் தேடி வந்தவர்கள் அவன் ஆட்டத்தைப் பார்க்கவே இல்லை. அவன் கடைசி வரை ரப்பர்தான் வெட்டினான்.

எல்லை பிரிந்தபோது பனச்சமூடு இருந்த விளவங்கோடு தாலுகா அந்தப் பக்கம் போயிற்று. எங்கள் தாலுகா கேரளத்தில் நின்றது. பனச்சமூட்டில் ஃபார்வர்டின் வீடு சென்னை மாநிலத்தில் விழுந்தது. அந்த வாரம் அவன் என்னைப் பார்க்க வந்தான். ஜெயித்தவன் முகம் அல்ல அது. "நாங்க போயாச்சு. உங்க ஊரு வரல்லியே, சாரே" என்றான். ஞாயிற்றுக்கிழமை களிக்கு வருவாயா என்று கேட்டேன். "பின்னே, வாறேன்" என்றான். பிறகும் மூன்று வருஷம் எல்லை தாண்டி வந்து ஆடினான்.

ஆரியங்கோட்டுக்காரனுக்குக் கணுக்கால் எலும்பு முறிந்து ஆட்டம் நின்றபோது, விலகிக்கொண்ட டிரைவருக்குப் பதிலாக அவனைத் தேர்வுக்கு உட்கார வைத்தோம். முதல் மாதமே என்னோடு தகராறு. குளத்தூர்க் கடற்கரையில் மீன்பிடிக்கிற ஒரு கோல்கீப்பரைச் சொன்னான். நான் மாட்டேன் என்றேன். "சார் பந்திருக்குந்ந இடம் மாத்ரமே நோக்கூ" என்று, நான் பந்தை மட்டுமே பார்ப்பதாகச் சொல்லி, அந்த ஆள் பந்து வருவதற்கு முன்பே எங்கே போய் நிற்பான் என்று மேசைமேல் மருந்துப் புட்டிகளை வைத்துக் காட்டினான். அவன் சொன்னது சரிதான். அந்தக் கோல்கீப்பரை நான் நான்கு மாதமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் நோட்டில் அவரைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.