நடுக்கடலில் தண்ணீர் வண்டி விட்டவன்

திருச்சுழி ரோட்டில் கருவேலங்காடாகக் கிடந்த இடத்தில் லாரி செட் போட்டவன் நான். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு மில்லில் பஞ்சுப் பொதி தூக்கினேன். பின்னால் அதே மில்லுக்கு லாரி விட்டேன். இந்தக் கரிசலில் எவன் போர் போட்டாலும் புகைதான் வரும் என்றார்கள். போட்டேன், தண்ணீர் வந்தது. உப்புத் தண்ணீர்தான், ஆனாலும் வந்தது. மழை பொய்த்த வருஷங்களில் டேங்கர் வாங்கி, அலைந்து திரிந்து நல்ல தண்ணீர் பிடித்து, எம்.ரெட்டியபட்டிப் பக்கம் வரைக்கும் தெருத்தெருவாக விற்றேன். தூத்துக்குடித் துறைமுகத்துக்கு மல்லியும் வத்தலும் ஏற்றிப்போயிருக்கிறேன். கேட்டுக்கு உள்ளே விட்டதில்லை. கப்பலைத் தூரத்தில் நின்று பார்த்ததோடு சரி. அப்படிப்பட்டவன் கம்ப்யூட்டருக்குள் ஒரு கப்பல் கூட்டத்தையே ஓட்டினேன். மற்றதையெல்லாம் ஊர் ஒத்துக்கொள்கிறது. கப்பலை மட்டும் ஒத்துக்கொள்ள மாட்டேன் என்கிறது. காரணம் என் சகலை.

சகலை என்றால் என் வீட்டுக்காரியின் தங்கை புருஷன். இன்சூரன்ஸ் ஆபீசில் இருந்து ரிட்டயர் ஆனவர், இங்கிலீஷ் வாசிப்பார். மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் என் லாரி ஆபீசுக்கு வந்துவிடுவார். அங்கே ஏ.சி. உண்டு. அதுவும் நான் போட்டதுதான். ஒருநாள் ஆபீஸ் கம்ப்யூட்டரில் அவர்தான் அந்த விளையாட்டைத் திறந்து காட்டினார். அந்தக் காலத்துப் பாய்மரக் கப்பல்கள், துறைமுகங்கள். ஓரிடத்தில் மிளகு மலிவு, இன்னோரிடத்தில் கிராக்கி. வாங்கி ஏற்றி, கடல் கடந்து விற்க வேண்டும். உலகம் பூராவும் இருந்து ஆட்கள் ஒரே கடலில் ஆடுகிறார்கள். சகலை படத்தில் அழகாக இருக்கிற ஊராகப் பார்த்துக் கப்பலை அனுப்பி நட்டப்பட்டுக்கொண்டிருந்தார். நான் நாற்காலியை இழுத்துப் போட்டேன்.

அன்றிலிருந்து வாசிப்பது அவர், முடிவு எடுப்பது நான். மவுஸும் பெரும்பாலும் என் கையில்தான் இருந்தது. எனக்கு மெயில் கிடையாது என்பதால் கணக்கை அவர் மெயிலில் திறந்தோம். ஆர்.சி. யார் பெயரில் என்று பார்க்காமல் ஒரு பழைய டயரைக்கூட வாங்காதவன், அதைப் பார்க்காமல் விட்டேன். சொந்தக்காரர்தானே!

அந்தக் கடல் படத்தின் நடுவில் காற்றே இல்லாத ஓர் இடம் உண்டு. அங்கே போய் மாட்டினால் பாய் தொங்கிவிடும். ஏற்றிவந்த குடிதண்ணீர் தீர்ந்தால் மாலுமிகள் சாவார்கள், சரக்கோடு கப்பலும் போய்விடும். ஆடுகிறவர்கள் எல்லாரும் தண்ணீரை அளந்து ஏற்றிவிட்டு, மிச்ச இடத்தில் சரக்கை அடைப்பார்கள். அங்கே தவித்து நிற்கிற கப்பல்களைப் பார்த்ததும் சித்திரை மாதத்தில் எங்கள் தெருவில் நிற்கிற குடங்கள் போலத்தான் எனக்குத் தெரிந்தன.

"சகலை, ஒரு கப்பல் பூரா தண்ணியா ஏத்துங்க."

"குடிக்கவாண்ணே?"

"விக்க."

சிரித்த சிரிப்பில் டீயைச் சட்டையில் கொட்டிக்கொண்டார். "கொல்லன் தெருவுல ஊசி விப்பாகன்னு கேள்விப்பட்டிருக்கேன். நடுக்கடல்ல தண்ணி விக்கிற ஆளை இப்பத்தாண்ணே பாக்குறேன்."

"கடல் தண்ணிய நீங்க குடிங்க. ஏத்துங்கன்னா ஏத்துங்க."

"சரி, கப்பலுக்குப் பேரு?"

"தண்ணி வண்டி."

இங்கிலீஷ் எழுத்தில் அப்படியே அடித்தார். அந்தக் கப்பலைக் கொண்டுபோய்க் காற்று செத்த இடத்தில் நிறுத்தினேன். முதலில் எவனோ ஒருத்தன் கிராம்பு கொடுத்துத் தண்ணீர்ப் பீப்பாய் வாங்கினான். அப்புறம் வரிசை கட்டினார்கள். கடைசிப் பீப்பாயோடு வருகிறவனிடம் மட்டும் பேரம் பேசக் கூடாது என்று சகலையிடம் சொல்லிவைத்தேன். "இன்னைக்குப் பொழச்சாத்தான் நாளைக்கு நம்மகிட்ட வருவான்." டேங்கர் ஓட்டிய காலத்தில் நான் படித்த பாடம் அது. கிராம்பு, ஏலக்காய், பட்டு என்று சேர்ந்தது. ஒரு கப்பல் பல கப்பலானது. தண்ணி வண்டி எங்கே நிற்கிறது என்று வெள்ளைக்காரர்கள் எழுதிக் கேட்பதாகச் சகலை வாசித்துச் சொல்வார்.

கொஞ்ச நாளில் அவர் ஆபீசுக்கு வருவது குறைந்தது. நானாகத் திறந்தால் பாஸ்வேர்டு தப்பு என்றது. போனில் கேட்டேன். "கம்பெனியில ஏதோ கோளாறுண்ணே, சரியாயிரும்" என்றார். நம்பினேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மகன் டி.வி.யில் யூடியூப் போட்டான். "அப்பா, சித்தப்பா பேட்டி குடுத்திருக்காரு, வாங்க." வீடே உட்கார்ந்து பார்த்தது. சகலை சலவைச் சட்டையில் இருந்தார். நடுக்கடலில் தண்ணீர் விற்கிற ஐடியா எப்படி வந்தது என்று சேனல் நடத்துகிற ஒரு பையன் கேட்கிறான். "எங்களுது வறண்ட பூமி. தண்ணியோட அருமை எனக்குச் சின்ன வயசுலயே தெரியும்" என்கிறார் இவர். தாமிரபரணிக் கரையில் பிறந்து ஆற்றில் குதித்து வளர்ந்த மனிதர்! "இன்னைக்குப் பொழச்சாத்தான் நாளைக்கு வருவான், அதுதான் என் பாலிசி" என்கிறார். என் வாயில் இருந்து வந்தது, எழுத்து மாறவில்லை. கூட யாராவது ஆடினார்களா என்று பையன் கேட்டான். நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"இல்ல, நான் மட்டுந்தான். அண்ணன் முறை ஒருத்தர் இருக்காரு. பாவம், பக்கத்துல உக்காந்து வேடிக்கை பாப்பாரு."

"ஐயோ, உங்களைத்தாம்ப்பா சொல்றாரு!" என்று மகன் சிரித்தான். என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்தினான்.

"விடுங்க. தங்கச்சி வீட்டுக்காரரு. ஒரு விளையாட்டுக்குப் போயி..." என்றாள் என் வீட்டுக்காரி.

மறுநாள் சகலையே காராச்சேவுப் பொட்டலத்தோடு வந்தார்.

"என்னண்ணே, வீடியோ பாத்தீகளா?"

"பாத்தேன். வேடிக்கை பாக்குறதுதான எனக்கு வேலை."

"அவன் திடீர்னு கேட்டுட்டான். வாய் தவறி வந்துருச்சுண்ணே."

"'நானு நானு'ன்னு மூச்சுக்கு மூச்சு வாய் தவறுமா?"

"சும்மா விளையாட்டுண்ணே."

"விளையாட்டுக்கு எதுக்கு சகலை சலவைச் சட்டை?"

அவருக்குச் சுருக்கென்றது. பொட்டலத்தை மேசையில் வைத்தார். "பெறகு என்னண்ணே சொல்லச் சொல்றீக? மூணாப்பு படிச்சவுக செஞ்சாகன்னு சொன்னா எவன் நம்புவான்? என்னையும் சேத்துல்ல சிரிப்பான்."

லோனுக்காகப் போய் நின்ற இடத்தில் இதைக் கேட்டிருக்கிறேன். மில் வாசலில் கேட்டிருக்கிறேன். கேட்டுவிட்டு, அவர்கள் கண்முன்னாலேயே நின்று காட்டியிருக்கிறேன். பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, என் டீயைக் குடித்து, நான் சொல்லச் சொல்ல அடித்த ஆளிடம் இதைக் கேட்பேன் என்று நினைக்கவில்லை. அவருக்குத் தெரியும். தெரிந்தே சொன்னார். அதுதான் ஆறவில்லை.

கப்பல்களை அவரே வைத்துக்கொள்ளட்டும். ஏலக்காயும் பட்டும் அவருக்கே இருக்கட்டும். ஆனால் ஊர் பார்க்கச் சொன்ன பொய்யை ஊர் பார்க்கவே திருத்த வேண்டும். அதே பையனைக் கூப்பிட்டு, அதே இடத்தில் உட்கார்ந்து, தண்ணி வண்டி யாருடைய யோசனை, பெயர் வைத்தது யார், பேரம் பேசாதே என்றது யார் என்று சகலை தன் வாயால் சொல்ல வேண்டும். அந்த 'வேடிக்கை'யை வெட்டி எடுத்துவிட்டு அங்கே என் பெயரைப் போட வேண்டும். முழுப் பெயராக, இனிஷியலோடு.