இருமல் இல்லாத வீடுகள்

பாப்பாக்காவின் குரல் எங்கள் வரிசை முழுவதும் பிரசித்தம். குழாயடியில் நின்று அவள் பக்கத்து வீட்டுச் சக்கீனாவிடம் உப்பு கேட்டால், தெருமுனை மளிகைக்கடைச் சீனர் உப்பை நிறுத்து வைத்துவிடுவார் என்று கேலி செய்வோம். அப்பேர்ப்பட்டவள் தனக்கு ஒரு வலி வந்தபோது மட்டும் வாயைத் திறக்கவில்லை.

சிம்பாங் பூலாய்ப் பக்கம் ஒரு கித்தாத் தோட்டத்தில் அவளும் புருஷன் மாயாண்டியும் ரப்பர் மரங்களில் பால் வெட்டிக்கொண்டிருந்தார்கள். தோட்டத்தில் ஒரே சட்டம்தான். விடியலில் பெரட்டுக் களத்தில் கிராணி பேர் கூப்பிடும்போது ஆள் நின்றால் வேலை உண்டு. வேலை இருந்தால் லயத்தில் வீடு உண்டு. மாயாண்டிக்குக் குளிர்காய்ச்சல் வந்தது. கம்பளியை உதறிப் போட்டுவிட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு, பெரட்டில் நெஞ்சை நிமிர்த்தி நின்றார். ஒருநாள் நின்ற இடத்திலேயே சாய்ந்தார். அவரைப் புதைத்த கையோடு, ரப்பர் விலை விழுந்துவிட்டது என்று ஆட்களைக் குறைத்தார்கள். பாப்பாக்கா ஒரு மூட்டையோடு ஈப்போவுக்கு நடந்து வந்தாள்.

ஈப்போவில் கடைக்காரர்களும் உத்தியோகஸ்தர்களும் சேர்ந்து ஒரு சங்கம் நடத்தினார்கள். தோட்டத்திலிருந்து வந்து கடைவாசல்களில் படுத்துக்கிடந்தவர்களுக்காக, ரயில் பாதைக்குப் பின்னால் பலகைச் சுவரும் தகரக் கூரையுமாக வீடுகள் கட்டினார்கள். வாடகை குறைவு. இந்து, முஸ்லிம் என்று பார்க்கவில்லை. நல்ல மனசுதான், குறை சொல்லக்கூடாது. ஆனால் இரண்டு தப்பு செய்துவிட்டார்கள். செலவு மிச்சம் என்று, வீடுகளை அச்சு அசல் தோட்டத்து லயம் மாதிரியே நீட்டமாகக் கட்டிவைத்தார்கள். அது போதாதென்று, அவற்றைப் பார்த்துக்கொள்ள ஒரு கிராணியைப் போட்டார்கள்.

அந்தக் கிராணி ஜெயபாலன் பாவம், ஏதோ ஆபீசில் கணக்கு எழுதுகிற டவுன் கிராணி. தோட்டத்துக் கிராணிக்கும் அவருக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. கூரை ஒழுகுகிறதா, குழாயில் தண்ணீர் வருகிறதா என்று விசாரிக்கத்தான் சனிக்கிழமை சாயங்காலம் குடையோடு வருவார். அந்தக் குடை கண்ணில் பட்டதும் நாங்கள் அவரவர் வாசலில் வரிசையாக நின்றுவிடுவோம். யாரும் நிற்கச் சொல்லவில்லை. கால் தானாகப் போய் நின்றது, நெஞ்சு தானாக நிமிர்ந்தது.

"எல்லாரும் சௌக்கியமா இருக்கீங்களா?" என்பார்.

"சௌக்கியம் ஐயா!" என்போம், ஒரே குரலில்.

எனக்கு மழைக்காலம் தொட்டு நெஞ்சில் சளி. அவர் தலை மறையும்வரை இருமலை விழுங்கிக்கொண்டு நிற்பேன். கண்ணில் நீர் முட்டும். நன்றியில் கலங்குகிறேன் என்று நினைத்துக்கொண்டு அவர் என் தோளைத் தட்டுவார். போதாக்குறைக்கு எங்களை 'நீங்க' என்று வேறு பேசுவார். ஒரு கிராணி மரியாதை கொடுத்தால் பின்னால் ஏதோ வரப்போகிறது என்றுதான் எங்களுக்குத் தோன்றும். அவரோ, சங்கத்து வீடுகளில் ஒரு தும்மல்கூடக் கிடையாது என்று ஊரெல்லாம் பெருமை பேசித் திரிந்தார்.

பாப்பாக்கா அந்த வீட்டில் மூட்டையைப் பிரிக்காமலே குடியிருந்தாள். சேலை, தட்டு, சாமி படம் எல்லாம் மூட்டைக்குள்தான். வேண்டியதை எடுப்பாள், மறுபடி கட்டிவைப்பாள். சுவரில் ஒரு ஆணி அடித்ததில்லை. "என்னக்கா, ரயிலு எத்தன மணிக்கு?" என்று நான் கேட்டால், விளக்குமாறு பறந்து வரும்.

சாலை போடும் இடத்தில் கல் சுமப்பது அவள் வேலை. ஒருநாள் மழை ஈரத்தில் கூடையோடு சறுக்கி விழுந்தாள். சக்கீனாவின் புருஷன் ரஹீம், ரயில் நிலையத்து வாசலில் அப்பம் விற்கிறவர். அவருடைய தள்ளுவண்டியில்தான் அவளை ஏற்றி வந்தோம். கணுக்கால் பனங்காய் மாதிரி வீங்கியிருந்தது. வழியெல்லாம் உதட்டைக் கடித்துக்கொண்டு வந்தவள், வீட்டுக்குள் வந்ததும் சொன்ன முதல் வார்த்தை, "கிராணிக்குத் தெரியக்கூடாது."

"ஆஸ்பத்திரிக்குப் போலாம்லா, அக்கா" என்றார் ரஹீம்.

"அங்க பேரு எழுதுவாங்க. கிராணி காதுக்குப் போவும். வீடு போச்சு. அப்பறம் ஹுத்தான் மெலிந்தாங்குக்குப் போயி மருமவன் வீட்டுல குந்தவா? எம் மக நவமணியோட மாமியாக்காரி மூஞ்சில என்னால முழிக்க முடியாது."

வீடு ஏன் போகும் என்று எங்களில் ஒருவர்கூடக் கேட்கவில்லை. வேலை போனால் வீடும் போகும், இதில் கேட்க என்ன இருக்கிறது?

யோசனை சொன்னது சக்கீனா. "சனிக்கெழம சனிக்கெழம ஆட்டுக்கல்லு முன்னாடி ஒக்கார வச்சுரலாம். ஒக்காந்து மாவாட்டுற ஆளோட கால யாரு பாக்கப் போறா?"

காலில் பத்துப் போட்டு, சேலையை இழுத்து மூடி, உட்கார வைத்தோம். முதல் சனிக்கிழமை அவசரத்தில் கல்லில் எதையும் போட மறந்துபோனோம். பாப்பாக்கா வெறும் கல்லைக் கடகடவென்று சுற்றிக்கொண்டிருந்தாள்.

"என்ன அரைக்கிறீங்க?" என்றார் ஜெயபாலன்.

"உளுந்துங்க ஐயா."

"சத்தம் பலமா இருக்கே?"

"பழைய உளுந்துங்க."

அடுத்த வாரத்திலிருந்து ரஹீம் நிஜமாகவே அரிசி ஊறப்போட்டுக் கொடுத்தார். பாப்பாக்கா தினமும் ஆட்டினாள். மாவு வெண்ணெயாக இருந்தது, அப்பம் சுடச்சுடத் தீர்ந்தது, அவள் வாடகைக்கும் வழி பிறந்தது. ஜெயபாலனுக்கோ பூரிப்புத் தாங்கவில்லை. எப்போது வந்தாலும் உழைத்துக்கொண்டே இருக்கிற இப்படி ஒரு அம்மாளைச் சங்கத்தில் எல்லோரும் பார்க்க வேண்டாமா? ஒரு சனிக்கிழமை சங்கத் தலைவரையே அழைத்து வந்துவிட்டார். கையில் பரிசாகப் புத்தம்புது அரிக்கேன் விளக்கு.

"பாப்பாம்மா, எழுந்து வந்து வாங்கிக்கங்க."

பாப்பாக்கா கல்லைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். சிரித்த முகமாக ஓரடி வைத்தாள். அடுத்த அடியில் ஜெயபாலன் மேலேயே விழுந்தாள். அவர் விழுந்தார், குடை முறிந்தது. தலைவர் எட்டிப்பிடித்ததால் விளக்கு தப்பித்தது. சேலை விலகி, கறுத்து வீங்கிய கால் எல்லோர் கண்ணிலும் பட்டது.

பாப்பாக்கா அழவில்லை. தரையில் உட்கார்ந்தபடியே கை கூப்பினாள்.

"வீட்டக் கூட்டிப் பெருக்கி வச்சிருக்கேன் ஐயா. செவுத்துல ஒரு ஆணி அடிக்கல. இந்த வாரம் மட்டும் தவண குடுங்க, போயிடுறேன்."

"எங்க போறீங்க?" ஜெயபாலனுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"வேலைக்குப் போவாத ஆளு வீட்டுல இருக்கலாங்களா?"

அவர் அவளைப் பார்த்தார். பிறகு வாசலுக்கு ஒருவராக, நெஞ்சை நிமிர்த்தி நின்ற எங்களைப் பார்த்தார். ஏன் இப்படி நிற்கிறோம் என்று அன்றைக்குத்தான் அவருக்கு உறைத்திருக்க வேண்டும். முகம் சுருங்கிப்போய்விட்டது. முறிந்த குடையோடு எழுந்திருக்காமல் அவளுக்கு எதிரிலேயே உட்கார்ந்திருந்தார்.

"அம்மா, இது தோட்டத்து வீடு இல்ல. வேலைக்குப் போனாலும் இது உங்க வீடுதான், காய்ச்சல்ல படுத்தாலும் உங்க வீடுதான். கஷ்டம் வந்தா சங்கத்துல சொல்லுங்க, பேசிக்கலாம். யாரும் யாரையும் வெளிய அனுப்ப மாட்டாங்க."

நம்புவதா வேண்டாமா என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். அந்த நேரம் பார்த்து, இத்தனை மாதம் விழுங்கி வைத்த என் இருமல் பிய்த்துக்கொண்டு வந்தது. நிறுத்த முடியவில்லை, குனிந்து குனிந்து இருமினேன். தலை நிமிர்ந்தால், ஜெயபாலன் என்னைத் திட்டவில்லை. "எத்தன நாளா?" என்றார்.

அவ்வளவுதான். மூன்றாம் வீட்டுக் கார்த்திகேசு சட்டையைக் கழற்றி முதுகுக் கட்டியைக் காட்டினார். ரஹீம் உள்ளே ஓடி, ஒளித்து வைத்திருந்த மகன் அமீரைத் தூக்கி வந்து, "பையனுக்கும் சாக்கிட் ஐயா, வயிறு போவுது" என்றார். வரிசையே இரும ஆரம்பித்தது. தலைவர் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு விளக்கோடு நாலடி தள்ளி நின்றார். ஈப்போவிலேயே ஆரோக்கியமான வீடுகள், ஒரு சாயங்காலத்தில் ஆஸ்பத்திரி வராந்தாவாகிவிட்டன.

மறுநாளே ஜெயபாலன் அந்தப் பரிசு விளக்கோடு ஆஸ்பத்திரி டிரசரைக் கூட்டி வந்தார். டிரசர் பாப்பாக்காவின் காலுக்குக் கட்டுப் போட்டு, படுத்தே கிடக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். அவள் என்னைக் கூப்பிட்டாள்.

"பிச்ச, வெளக்கு மாட்ட ஒரு ஆணி அடிச்சுக் குடுப்பா."

அடித்துக் கொடுத்தேன். சாமி படத்துக்கும் ஒன்று அடிக்கச் சொன்னாள். பிறகு கதவை அகலத் திறந்து வைக்கச் சொல்லிவிட்டு, பட்டப்பகலில் பாயில் நீட்டிப் படுத்தாள். நான் என் வீட்டுப் படியேறக்கூட இல்லை, பின்னாலிருந்து அந்தக் குரல் கிளம்பியது.

"ஐயோ, அம்மாடி! கால் வலிக்குதே!"

சக்கீனா மாவுக் கையோடு ஓடினாள். நானும் திரும்பி ஓடினேன். சக்கீனா கேட்டாள்: "என்னக்கா, வலி தாங்க முடியலயா?"

"இல்லடி. இப்பப் பரவால்ல."

"அப்பறம் ஏன்க்கா கத்துறீங்க?"

"என் வீடு. கத்துறேன்." கூரையைப் பார்த்தாள். "பெரட்டுல சாயிற வரைக்கும் அந்த மனுசன் ஒரு தடவகூடக் கத்தலடி. அவருக்கும் சேத்துக் கத்துறேன்."

சக்கீனா மாவுக் கையோடு அப்படியே அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அப்படின்னா நல்லாவே கத்துங்கக்கா" என்றாள்.